சோறு ஆக்காத நெருப்பு

1

"இவ கையில அடுப்பு பத்தாது" என்று அத்தை ஒருமுறை சொன்னாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இலங்கையில் இரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்தாள். நான் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலம் அது. கொழுந்து பறிக்கப் போன அம்மா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள் அத்தை. நானும் குந்தியிருந்து ஊது ஊதென்று ஊதினேன். பாதித் தீப்பெட்டி தீர்ந்தது. புகைதான் வந்தது.

அத்தை வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "படிச்ச கையாச்சே. இவ நாளைக்கி ஒரு வீட்டுக்குப் போயி என்னா செய்வா? புஸ்தகத்த எரிச்சா தண்ணி கொதிக்குமா?"

லயமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது பொய்யும் இல்லை. அம்மா என்னை அடுப்பண்டை விட்டதே இல்லை. ஒரே காம்பராவில்தான் படுக்கை, சாமி படம், அடுப்பு எல்லாம். புகை போக வழி கிடையாது. அது கூரைத் தகரத்தைக் கறுப்பாக்கிவிட்டு, எங்கள் கண்களுக்குள் இறங்கும். "பொகையில குந்துனா கண்ணு கெட்டுரும் தாயி. நீ இஸ்தோப்புல போயி படி" என்று வாசல் திண்ணைக்கு அனுப்புவாள் அம்மா. அவளுக்கு அப்போதே கண் எப்போதும் சிவந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் பெருவிரலை மையில் அழுத்தாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. அந்தக் கையெழுத்துக்காக இன்னொருத்தி புகைக்குள் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் மறக்கவில்லை.

இப்போது வட இங்கிலாந்தில் ஒரு கல்வீட்டின் முன்னறையில் இருந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் அடுப்பு எரிகிறது. பற்றவைத்தது நான்தான்.

2

எண்ணெய் விலை ஏறி, மின்சாரம் நேரம் காலமில்லாமல் நின்றுபோன குளிர்காலம் ஒன்று இங்கே வந்துபோனது உங்களுக்குப் பத்திரிகைகளில் தெரிந்திருக்கும். எங்களுக்கு அது சுவரில் தெரிந்தது. காலையில் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். மின்சாரக் கணப்பு குளிர்ந்து கிடக்கும். மகள் வாசுகி மேற்சட்டையோடு போர்வைக்குள் புகுந்துகொண்டு, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஆங்கிலத்தில் அழுவாள்.

முன்னறையில் பழைய கணப்படுப்பு ஒன்று இருந்தது. சுவரிலே ஒரு வாய், அதற்கு மேல் கூரைவரை போகும் புகைபோக்கி. அழகானது, ஆனால் பயனில்லாதது. எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதியை அது வானத்துக்கு அனுப்பிவிட்டு, முன்னால் இருப்பவரின் முழங்காலை மட்டும் சுடும். முதுகு குளிரிலேயே இருக்கும்.

புகைபோக்கி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நாங்கள் வந்த புதிதில், "உங்கள் சிம்னியைத் துடைத்து எவ்வளவு காலம்?" என்று பக்கத்து வீட்டுக் கிழவி கேட்டாள். நமக்குச் சிம்னி என்றால் விளக்குக் கண்ணாடிதானே. "தினமும் பொழுது சாய முன்னம் சாம்பல் போட்டுத் துடைப்போம்" என்று ஊர் ஞாபகத்தில் சொல்லிவிட்டேன். அவள் எங்கள் கூரையைப் பார்த்தாள், பிறகு என் சேலையைப் பார்த்தாள். அதன்பின் ஒரு வாரம் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள்.

குளிரை நானும் கணவரும் வாசுகியும் எப்படியோ சமாளித்திருப்போம். ஆனால் அந்த வருடம் அம்மாவை இங்கே அழைக்க வேண்டியிருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் பதிந்தவர். தோட்டத்து ஆட்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி அவர்களுக்குக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பலேறும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். அப்பா போனபின் அம்மா அவர்களோடுதான் இருந்தாள். அவளுக்கும் இந்தியக் கடவுச்சீட்டுத்தான். அம்மா இந்தியாவைக் கண்டதில்லை. பிறந்தது இரத்தோட்டையில், அவள் போன தூரம் அதிகம் போனால் மாத்தளைத் தேர்த்திருவிழா வரைக்கும். எனக்கோ கலியாணத்தின் மூலம் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. வாசுகி பிறந்தபடியே இந்த நாட்டுக்காரி. ஒரு வயிற்றுவழி வந்த மூன்று பேருக்கு மூன்று நாடு. மாமா கப்பலேறுவதற்குள் அம்மா இங்கே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவளும் அந்தக் கப்பலில் போய்விடுவாள். பிறகு அவளைப் பார்ப்பேனா என்பது எனக்குத் தெரியாது.

அழைப்பதற்கு அனுமதி கேட்டோம். வீட்டில் அவளுக்குத் தகுந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க நகரசபையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறை முன்னறையை ஒட்டியது. அவள் கையுறையைக் கழற்றிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் எடுக்கவேயில்லை.

"எங்கிருந்து வருகிறார் உங்கள் தாயார்?"

சொன்னேன்.

"அப்படியானால் இது போதாது. வீடு சூடானதும் சொல்லுங்கள், மறுபடி வருகிறேன்" என்றாள்.

3

என் கணவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாமனார் மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்ததால் இவர் வளர்ந்தது மாத்தளை டவுனில். ஆனால் அந்த வீட்டு வாசற்படிக்கு உள்ளே முழுக்க யாழ்ப்பாணம். நான் வாழப்போன முதல் வாரம் மாமியார் குசினியிலிருந்து, "பிள்ளை, உதிலை கிடக்கிற கொள்ளியை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை. தோட்டத்தில் கொள்ளி என்றால் ஒன்றே ஒன்றுதான். அதைச் சுடுகாட்டில் மகன் வைப்பான். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா இறந்தபோது கொள்ளி வைக்கப் பெரியப்பாவின் மகனைத் தேடிக்கொண்டு பலாபத்வலைக்கு ஆள் போனது. அதை அம்மா இன்றுவரை சொல்லிச் சொல்லி அழுவாள்.

யாழ்ப்பாணத்தில் கொள்ளி என்றால் வெறும் விறகு. நாலு நாளில் பழகிவிட்டேன். நாலு வருடத்தில் அந்தச் சொல் என் காதில் உறைக்கவே இல்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4

கணப்படுப்பின் வாய்க்குள் பொருத்துகிற இரும்படுப்பு ஒன்று இங்கே விற்கிறார்கள். கதவு வைத்த கனத்த பெட்டி. விறகு அதற்குள் மூடி எரியும். சூடு வானத்துக்குப் போகாமல் இரும்பில் ஏறி அறைக்குள் வரும். அதை வாங்குவது என்று முடிவானதும் நான் நூலகத்துக்குப் போய் அதைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். கணப்பின் வாயை அளந்தேன். முன்பக்க அகலம் மட்டும் போதாது. உள்ளே போகப் போகச் சுவர் குறுகிக்கொண்டே போகும். அதையும் அளந்தேன்.

கடைக்காரர் உயரமான மனிதர். என் கணவரைப் பார்த்தே பேசினார். இரட்டைக் கதவுள்ள பெரிய அடுப்பொன்றைக் காட்டினார். பச்சை எனாமல் பூசி, சுவரோடு சுவராகப் படிந்து நிற்கும் வகை. என் கணவருக்கு அது பிடித்துப்போனது.

"இதை எடுப்பமே? பெரிசா எடுத்தால் வீடு முழுக்கச் சூடாகும்" என்றார் என்னிடம்.

"ஆகாதுங்க" என்றேன்.

"ஏன் ஆகாது?"

நான் கடைக்காரரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் அறை சிறியது. இந்தப் பெரிய அடுப்பை முழுவீச்சில் எரித்தால் நாங்கள் வெளியே ஓட வேண்டும். அதனால் எப்போதும் காற்றை அடைத்து அடைத்தே எரிப்போம். காற்றை அடைத்தால் விறகு எரியாது, புகையும். அந்தப் புகை புகைபோக்கிக்குள் தாராகப் படியும். சின்ன அடுப்பு நன்றாகக் காற்று வாங்கி, கொழுந்துவிட்டு எரிந்தால் புகையும் இல்லை, விறகும் வீணாகாது. எனக்குப் புகைகிற அடுப்பு வேண்டாம். பிறந்த வீட்டில் அது போதுமான அளவு இருந்தது.

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தே பேசினார்.

ஒரு மூலையில் சின்னதாக, கறுப்பாக, வார்ப்பிரும்பில் ஒரு அடுப்பு நின்றது. ஒற்றைக் கதவு. கீழே காற்றுக்கு ஒரு தள்ளு தகடு, மேலே ஒன்று. தகட்டு இரும்பு சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும், வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடாகி, நெருப்பு அடங்கியபின்னும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்றார் கடைக்காரர். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நான் பார்த்தது வேறு. மற்ற அடுப்புகள் சுவருக்குள் அடங்கி நிற்க, இது மட்டும் ஒரு முழம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அந்தத் துருத்தலின் மேல்பக்கம் தட்டையாக இருந்தது.

"இதன்மேல் ஒரு பானை வைக்கலாமா?"

அவர் சிரித்தார். "அம்மணி, இது சமைக்கிற அடுப்பு இல்லை."

"தெரியும். வைத்தால் விழுமா?"

"விழாது."

"அப்படியானால் இதுதான்."

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் கேட்டார், "பானை வைக்கிறதுக்கே இவ்வளவு யோசிச்சனீர்? வீட்டிலை காஸ் அடுப்பு இருக்குத்தானே."

அவருக்கு எப்படிச் சொல்வது? தோட்டத்துத் துரை பங்களாவில் ஒரு கணப்படுப்பு இருந்தது. மழைக்காலத்தில் கவ்வாத்து வெட்டிய மிலாறைக் கட்டிச் சுமந்து அம்மா அங்கே கொண்டுபோய்ப் போடுவாள். மிலாறு என்பது வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்பு, எங்கள் அடுப்புகளுக்கெல்லாம் அதுதான் விறகு. ஒருநாள் கதவு திறந்திருந்தபோது அம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து, "அம்புட்டு நெருப்பு எரியுது தாயி, மேல ஒரு ஒலகூட இல்ல. சோறு ஆக்காத நெருப்ப எதுக்கு எரிக்கிறாங்க?" என்றாள். பசியுள்ள வீட்டிலிருந்து போயும் அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு அடுப்பு என்றால் உலை, உலையைச் சுற்றிக் குந்தியிருக்கும் ஆட்கள், சுட்ட வள்ளிக்கிழங்கு, நனைந்த கம்பளியின் வாடை. வெளியே மழை தகரத்தில் அடிக்கும். உள்ளே அம்மா கதை சொல்லிக்கொண்டே ஈரக் கொழுந்துக்கூடையை நெருப்புக்குக் காட்டுவாள்.

அவள் இங்கே வந்து, மேலே ஒன்றும் இல்லாத நெருப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக்கூடாது. அதுதான் என் கணக்கு.

5

அடுப்பைப் பொருத்தியவர்கள் முதல் சில நாட்கள் சின்ன நெருப்பாகத்தான் மூட்ட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள். குச்சியடுக்கி, ஒழுங்காகப் பற்றவைத்தேன். அணைந்தது. மறுபடியும். அறைக்குள் புகை வந்தது. எங்கோ அத்தை வாசலில் சாய்ந்து நிற்பதுபோல இருந்தது.

பிறகுதான் படித்தது ஞாபகம் வந்தது. குளிர்ந்த புகைபோக்கியில் காற்று கீழே அமுங்கிக் கிடக்கும். முதலில் கடதாசியைச் சுருட்டி எரித்து அதைச் சூடாக்க வேண்டும். பழைய பத்திரிகைத் தாளை எரித்தேன். 'ஹோ' என்று ஒரு மூச்சு மேலே இழுத்தது. பிறகு குச்சி ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. மேலே சின்னச் சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்தேன். வெகுநேரம் பிடித்தது, ஆனால் கொதித்தது. ஆக, அத்தையின் கேள்விக்கு எனக்கு விடை தெரிந்துவிட்டது: புத்தகம் வேண்டாம், பத்திரிகையே போதும்.

விறகு போடக் கதவைத் திறக்கும்போது மட்டும் ஒரு இழை புகை அறைக்குள் வரும். அடுப்பு வருவதற்கு முந்தின மாதம் அம்மா மிளகு அனுப்பியிருந்தாள், தன் பழஞ்சேலைத் துண்டில் முடிந்து. வாசுகி அந்தத் துணியை முகர்ந்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "மம்மி, ஏதோ கருகுது" என்றாள் ஆங்கிலத்தில். கருகவில்லை. அது லயத்துப் புகையேறிய என் அம்மாவின், அவளுடைய அம்மாயியின் வாசம். அவளுக்கு அதை நான் விளக்கவில்லை. அவளிடம் அதற்கான தமிழ் இல்லை, என்னிடம் அதற்கான ஆங்கிலம் இல்லை.

புகைக்கு இத்தனை எதிராகப் பேசி அடுப்பு வாங்கியவள், அதே வாசம் இங்கே அடுப்பிலிருந்து வந்ததும் கதவைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருந்தேன்.

"ஷட் இட், மம்மி!" என்று வாசுகி கத்தியதும் மூடினேன்.

அதிகாரி மறுபடி வந்தாள். சுவரைத் தொட்டாள். இந்த முறை மற்றக் கையுறையையும் கழற்றினாள். சில வாரங்களில் அனுமதி வந்தது.

6

அன்றே அம்மாவுக்கு எழுதினேன். அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது. கணவர், "நானும் மாமிக்கு இரண்டு வரி எழுதிறன்" என்று வாங்கி எழுதினார். மூட முன்னம் நான் வாசித்தும் பார்த்தேன். நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

மாமாவின் பதில் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. மாமாதான் வாசிப்பார், எழுதுவார்.

"அக்கா அங்க வரல்ல. எங்களோடயே இந்தியாவுக்கு வருதாம். மருமகன் எழுதினத வாசிச்ச நாளு முதலா சோறு திங்கல்ல. ஆம்பளப் புள்ள பெறாத குத்தத்துக்கு இப்படியான்னு அழுவுது. நல்ல மனுசன்னு நெனச்சோம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரிடம் கொடுத்தேன்.

"என்னங்க எழுதினீங்க அம்மாவுக்கு?"

"என்னத்தை எழுதினனான்? மாமி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, உங்களுக்கெண்டு கொள்ளி எல்லாம் அடுக்கி வைச்சிருக்கிறம், நீங்கள் வந்தால் மட்டும் போதும் எண்டு..."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அதிலை என்ன பிழை?" என்றார். "கொள்ளி அடுக்கினதுதானே?"

"நீங்க அடுக்கினது விறகு."

"அதைத்தானே சொல்லுறன்."

பிறகு அவருக்கும் விளங்கியது. அவர் முகம் வெளுத்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. என் கோபம் அவரோடு இல்லை. அந்த வரியை நான் வாசித்திருக்கிறேன். தோட்டத்துக் காது எனக்கு இருந்திருந்தால் அங்கேயே துடித்திருக்கும். வாசுகிக்குத் தமிழ் போகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான்.

கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றும் மாமா எழுதியிருந்தார். இன்னொரு கடிதம் போய்ச் சேரக் காலம் போதாது. சனிக்கிழமை அம்மாவை இரத்தோட்டைத் தபாற்கந்தோருக்குக் கூட்டிவரச் சொல்லி மாமாவுக்குத் தந்தி அடித்தோம். தொலைபேசிக்குப் பதிவு செய்துவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்தோம்.

கிடைத்தபோது முதலில் கடல்போல ஒரு இரைச்சல். பிறகு மாமாவின் குரல்: "அக்கா, இத காதுல வைய்யி. தலகீழா வச்சிருக்க."

"ஆரு?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

"சொகமா இருக்கியா? புள்ள சொகமா?"

"அம்மா, கேளு. அவுங்க ஊருல கொள்ளின்னா வெறகு."

"என்னா?"

"வெறகும்மா. சோறாக்குற வெறகு. உனக்குக் குளிருமேன்னு வெறகு அடுக்கி வச்சிருக்கோம்னு எழுதியிருக்காரு."

பிறகு மெதுவாக, "வெறகா?"

"வெறகு."

"அப்ப கொள்ளிய என்னான்னு சொல்லுவாங்க?"

"அதையும் கொள்ளின்னுதான் சொல்லுவாங்க."

அம்மா தொலைபேசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது கேட்டது. "தம்பி, வெறகாமுடா!" தபாற்கந்தோரில் நின்றவர்களெல்லாம் சிரிப்பதும் கேட்டது. பக்கத்தில் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்ல பாஷ பேசுற வீட்டுல போயி வாக்கப்பட்ட" என்றாள் அம்மா. குரல் மாறியிருந்தது. "அடுப்ப ஆரு பத்தவைக்கிறா?"

"நான்தான்."

"நீயா?" நம்பவில்லை. "பொகையுமா?"

"பொகையாது. கதவு இருக்கு."

"ஒல வைக்கலாமா?"

"வைக்கலாம்மா. வச்சுப் பாத்துட்டேன்."

நான் தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வெறகு காஞ்சதா?"

பொய் சொல்ல வரவில்லை. "இந்தக் குளிருக்குக் காஞ்சது இருக்கு. அதுக்குப் பொறகு பச்சையாத்தான் வாங்கி அடுக்கணும். இங்க காய ரெண்டு வருசம் ஆகுமாம்."

"ரெண்டு வருசமா? அம்புட்டு நாளு அங்க குந்திக்கிட்டு நான் என்னா செய்யிறது?"

யாரோ ஆங்கிலத்தில் நேரம் முடிகிறது என்றார்கள். அவசரமாக, எங்கோ தூரத்தில் கொழுந்து மலையிலிருந்து கூப்பிடுகிற பழைய குரலில் அம்மா கத்தினாள்:

"தம்பிய கப்பலேத்திட்டு வாரேன். வெறக வாங்கி மழ படாம மூடி வைய்யி..."

தொடர்பு அறுந்தது.

7

மாமா குடும்பம் தலைமன்னாருக்கு ரயிலேறும் நாளில் அம்மாவும் கூடப் போவாள், வழியனுப்ப. தம்பியும் அக்காளும் அந்தக் கடற்கரையில் எப்படிப் பிரிவார்கள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்தப் பிரிவுக்கும் நான்தான் காரணம். அவள் கொழும்பு வழியாக வருவதற்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டோடு இலங்கையிலிருந்து வருகிற ஒருத்திக்கு இங்கே விமான நிலையத்தில் என்னவெல்லாம் கேள்வி கேட்பார்களோ. வாசுகிக்கு மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "வாங்க அம்மாயி" என்பதை மட்டும் ஒழுங்காகச் சொல்கிறாள்.

நேற்று லொறியில் பச்சை ஓக் விறகு வந்து இறங்கியது. இந்தக் குளிருக்கோ அடுத்த குளிருக்கோ எரிக்க முடியாது. அதற்கும் அடுத்த குளிருக்கு உதவும். நானும் கணவரும் பின்முற்றத்தில் அடுக்கினோம். அவர் ஒவ்வொரு துண்டாக என்னிடம் நீட்டி, "விறகு", "விறகு" என்று சொல்லிக்கொண்டே தந்தார். அடுக்கி முடிந்ததும் மழை படாமல் மேலே தகரம் போட்டு, தகரத்தின் மேல் கல்லும் வைத்துவிட்டேன்.